ஆலைச் சூடத்தின் மேல் ஒரு சத்தியம்

செம்பூரில் ரயில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மந்திர் ஸே ஆயே க்யா?" என்று பக்தியோடு கேட்பார். கோயிலிலிருந்து வருகிறேனாம். ஃபாக்டரி என்றால் நம்ப மாட்டார். ஐந்து வருடமாக விளக்கி அலுத்துவிட்டது; இப்போதெல்லாம் தலையாட்டிவிடுகிறேன். நான் கெமிஸ்டாக இருப்பது சூடம் செய்யும் ஆலையில்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சூட மரத்தில் தானாக விளைவதை நாங்கள் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்கிறோம். எண்ணெயிலும் சூடத்திலும் அதே பத்துக் கரி அணுக்கள். அவற்றின் முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டு, ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தால் சூடம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதைப் படித்தபோது, ஒரு கல்யாணத்தை இது நிறுத்தும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா?

எங்கள் ஆலைத் தொழிலாளி பெருமாளுக்குத் தாராவியில் பெண் பார்த்தார்கள். ஊரில் வேறு பெண்டாட்டி இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார் பெண்ணின் அப்பா செல்லையா. பெருமாளும் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அது அவன் ஆலையிலிருந்து கொண்டுவந்த சூடம் என்பது மறுநாள் செல்லையாவுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் மாட்டுங்காவில் என் அறைக்கு வந்து நின்றார்கள்.

"சார், நீங்க படிச்சவுக. இது நெசச் சூடமா, மிஷின் சூடமா?" என்றார் செல்லையா.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

அதோடு வாயை மூடியிருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. மரச் சூடத்தின் மூலக்கூறுகள் எல்லாம் வலக்கை மாதிரி ஒரே அமைப்பு, எங்களுடையதில் பாதி வலக்கை, பாதி அதன் கண்ணாடி பிம்பம் போல இடக்கை என்று என் இரு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"இடக்கையா?" செல்லையா முகம் சுளித்தார். "அப்பச் சத்தியமும் பாதிதான? ஊர்லருந்து மரச் சூடம் வரட்டும். பொறவு பேசுவோம்."

பெருமாள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மரச் சூடம் வாங்கி அனுப்பச் சொல்லி ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு அன்றே எழுதினேன். பதினைந்து நாள் கழித்துப் பார்சல் வந்தது, திருநெல்வேலித் தபால் முத்திரையோடு. பிரித்தேன். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் ஆலையின் பெயர், செம்பூர், பம்பாய்.

பெருமாள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அந்த எழுத்துகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு டப்பாவை அவனிடம் நீட்டினேன்.

"ஊர்லருந்து வந்திருச்சு," என்றேன். அதில் பொய் இல்லை.