சவிரிமுத்து தோற்ற விதம்

சவிரிமுத்துவைத் தோல்விக்காரன் என்றுதான் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். வார நாட்களில் பிலிப்-து-ஜிரார் தெரு உணவகத்தில் என்னோடு சமையல் வேலை. ஞாயிறு மத்தியானங்களில் புறநகர் மண்டபங்களில் கட்ச், அதாவது பிரெஞ்சுக்காரர் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் மேடை மல்யுத்தம். 2009இல் தொடங்கினான். முகமூடி போட்ட கெட்டவன் வேடம். ஒரு நாளும் வென்றதில்லை.

யார் வெல்வது என்பதை உடைமாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அதை வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. இந்த மடையன் அதைக் கட்டிய மனைவியிடமும் மறைத்தான். திங்கட்கிழமைகளில் இம்மாகுலேற் அவன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்து அழுவாள். கடைக்காரர் யாராவது நக்கலடித்தால் அவனுக்காகச் சண்டைக்குப் போவாள்.

"அந்தாள் அடி வாங்கினாலும் ஓடி வாற ஆள் இல்லை" என்பாள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவன் தோற்றுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு பார்க்க வருகிற சனம் மாறியது. கையைப் பிடித்துப் பத்து நிமிடம் முறுக்கினால் கொட்டாவி விட்டார்கள். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் மேல் ஏறிப் பாய வேண்டும். அது கைபேசியில் அரை நிமிட வீடியோவுக்குள் அடங்க வேண்டும். எல்லாம் பேசி வைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைதட்டினார்கள், ஒத்திகையையும் காட்டு என்றார்கள். 2017இல் வந்த புதுப் பத்ரோன், அதாவது முதலாளி, அதையும் படம் பிடித்துக் காட்டினான். முகமூடி இல்லாத சவிரிமுத்து, எந்தப் பக்கம் விழுவது என்று எதிராளியோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். எங்கள் தெரு முழுக்க அந்த வீடியோ ஓடியது. எனக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும்.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததை அவனே எனக்குச் சொன்னான்.

"அப்ப எட்டு வருசமும் பேசி வைச்சுத்தான் விழுந்தனீங்கள்."

"ஓம். ஆனா நோகிறது பொய்யில்லை."

"உங்களை அடிக்கிறவனுக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

அதற்குப் பிறகு அவள் அவன் முதுகைத் தொடவில்லை. எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை; அவன் மேல்தான் வந்தது.

பேசாமல் விட்டிருக்கலாம். கயிற்றில் ஏறிப் பாய்ந்தால் இம்மாகுலேற் மறுபடி நம்புவாள் என்று யோசித்தான். "நாப்பத்தாறு வயசிலை உனக்கு இது தேவையோ?" என்று கேட்டேன். காதில் விழவில்லை. அடுத்த ஞாயிறு பாய்ந்தான். தோள் எலும்பு உடைந்தது. அவன் கத்தியதை நல்ல நடிப்பு என்று நினைத்து மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவன் வாங்கிய முதல் கைதட்டல் அது.

ஆஸ்பத்திரியில் இருந்து இம்மாகுலேற்றுக்கு நான்தான் போன் எடுத்தேன். அவள் குரலைக் கேட்டால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஸ்பீக்கரில் போட்டது என் பிழை.

"தங்கச்சி, இவனுக்குத் தோள் உடைஞ்சு போச்சுது. உடனே வாங்கோ" என்றேன்.

"இதை ஆரோடை பேசி வைச்சவர், அண்ணை?"