பித்தளைக் கம்பியும் புளிச்ச கூழும்

காத்தவராயன் வாய் ஓயாத மனுஷன். குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்க வந்து, சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் ஸ்கெலட்டனில் மூங்கில் தட்டி வீடு ஒன்று கிடைத்ததும் ஊருக்குப் போய்த் தாயம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தவன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கால் கழுவுவதற்குள் கீழே சுரங்கத்தில் நடந்ததெல்லாம் சொல்லித் தீர்த்துவிடுவான். தாயம்மா அடுப்பைப் பார்த்தபடியே 'உம்' கொட்டுவாள். புருஷன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை.

அந்த வாயில்தான் அடி விழுந்தது. சுரங்கத்தில் கல் வாளியை மேலே இழுக்கும் கைராட்டினம் பிடி நழுவி எதிர்ப்பக்கம் சுழல, அதன் கைப்பிடி அவன் தாடையைப் பெயர்த்துவிட்டது. சுரங்க ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் துரை டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் பித்தளைக் கம்பியால் சேர்த்து முறுக்கிக் கட்டினார். எலும்பு கூடும்வரை வாய் திறக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு பல் விழுந்த சந்து இருந்தது. ஆகாரமெல்லாம் அதன் வழியாகத்தான்.

தங்கம் தோண்டுகிறவன் வாயில் பித்தளையா என்று அவன் ஜாடையில் கேட்டபோது காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் கொர்னேலியஸ் சிரித்துவிட்டார்.

தாயம்மா குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்றை இரவல் வாங்கிவந்தாள். அவனுக்கு உயிரான புளிச்ச கேழ்வரகுக் கூழை மோர்விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதைப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

கொஞ்ச நாளில் ஈறு வீங்கியது. வாய் நாறியது. கம்பியைச் சுற்றிப் பச்சை படிந்தது. ஒரு காலையில் கம்பி பட்டென்று அறுந்து தாடை நகர, வலியில் அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தாயம்மா அவன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

கொர்னேலியஸ் கம்பியை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அறுந்த இடம் மயிரிழையாகத் தேய்ந்திருந்தது.

"இன்னாம்மா குடுக்கிற இவருக்கு?"

"கூழுங்க. மோர் கரைச்சி."

"புளிச்ச கூழா?"

"அதுதாங்க அவருக்கு இஷ்டம்."

"பித்தளைச் சொம்புல புளிச்ச மோரை வெச்சா இன்னாவும்?"

"களிம்பேறும்," என்றவள் அவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். "அப்போ நான்தான் கெடுத்துட்டனா?"

"உம்மேல இன்னா தப்பு? கம்பி கட்டின அன்னிக்கே நாங்க சொல்லியிருக்கணும். வாய்ல எந்நேரமும் ஈரம், சூடு. கம்பி இடுக்குல ஆகாரம் தங்கிச்சின்னா அதுவும் புளிச்சிப்பூடும். கம்பி கொஞ்சங்கொஞ்சமா இத்துப்பூடும்மா."

இந்தமுறை வெள்ளிக் கம்பி கட்டினார்கள். அதுவும் கறுக்கும், ஆனால் பித்தளை மாதிரி அரிக்காது என்றார் கொர்னேலியஸ். புளிப்பு வேண்டாம், பாலும் கஞ்சியும் போதும், ஒவ்வொரு தடவையும் வாயைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து தாயம்மா ஆகாரம் புகட்டியதும் அவனை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைப்பாள். வெந்நீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, உதட்டை விலக்கி, கம்பியின் ஒவ்வொரு முறுக்காகத் துடைப்பாள். முதலில் அவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினான்.

"அசையாம இருங்க. என்னைப் பாருங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான், தானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் இமையோரத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. இத்தனை நாள் அது தெரியாமலே போயிருக்கிறது.

"புருஷனுக்குப் பல்லு வெளக்கிவுடுறா பாரு," என்று பக்கத்து வீட்டுச் சரோஜம்மா கேலி செய்தாள். தாயம்மா கையை எடுக்கவில்லை. அவன் பேச முடியாததால் அவளே பேசினாள்: தண்ணீர்க் குழாயடிச் சண்டை, கோழி அடைகாத்தது, ஊரில் அம்மாவுக்குத் தெரியாமல் தான் மரமேறியது. அவன் தொண்டைக்குள்ளேயே சிரித்தான்.

கம்பி கறுத்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. எலும்பு கூடி அதை வெட்டி எடுத்த அன்று, அவனால் வாயை ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறக்க முடிந்தது. என்ன சொல்லப்போகிறானோ என்று தாயம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சியில," என்றான் குழறலாக, "ஒரு நாளாவது உப்பு போட்டியா நீ?"

கொர்னேலியஸ் இடுக்கியை வைத்துவிட்டுச் சிரித்தார். தாயம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தாடை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் அவள் குழையக் குழையக் களி கிண்டினாள். அவன் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆகும் என்று, தன் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் மெல்ல மெல்ல மென்றான். அவளும் அவசரப்படவில்லை.