ஏழாம் கணினியின் அளவு

அலுவலகத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் போலச் சுமந்தாள். கார்ட்டூன் படங்களுக்குக் காட்சிகள் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் முப்பத்திரண்டு கணினிகள்; அவற்றைப் பராமரிப்பது அவள் வேலை. எல்லாம் ஒரே மாடல், ஒரே நாளில் வந்து இறங்கியவை. அதனால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் கணினியோடு மல்லுக்கட்டிப் பழகாதவர்கள்.

கணினி கண்விழிக்கும்போதே ஒரு விசையைத் தட்டி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பாள். சூடு தணியும், மின்சாரம் மிச்சமாகும், வேகம் குறையாது. ஆனால் அளவு மீறிக் குறைத்தால் பாதி வேலையில் மயங்கி விழுந்துவிடும். அந்த எல்லை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. ஏழாம் எண் எவ்வளவு குறைத்தாலும் தாங்கும். பத்தொன்பது ஒரு தொட்டாற்சிணுங்கி. ஆகவே ஒரு படி குறைப்பாள், ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பார்ப்பாள், பிறகுதான் அடுத்த படி. கிடைத்த அளவை ‘நிதானம்’ என்ற பெயரிலேயே பயாஸில் சேமித்து வைப்பாள். மூன்று மாதத்தில் பதினோரு கணினிகள்தான் முடிந்திருந்தன.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையை ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததைத்தான் தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொள்வாள். தங்கையின் கணவனுக்கு வேலை போனபோது முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். அவனைத் தம்பி, தம்பி என்று அழைத்து உயிரை விடுவாள். பயாஸுக்குள் போகும் பாஸ்வேர்டைக்கூட, நம்ம தம்பிதானே என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

கண் அறுவை சிகிச்சைக்காக அவள் ஒரு வாரம் விடுப்பில் போனாள். தம்பி சூரப்புலியாகிவிட்டான். ஏழாம் கணினியில் அவள் சேமித்திருந்ததை ஒரு பென் டிரைவில் எடுத்து, மீதி முப்பத்தொன்றிலும் ஏற்றிவிட்டான். ஒரே மத்தியானம். சேமித்த பெயரை மாற்ற வேண்டும் என்றுகூட அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

“அக்கா மூணு மாசமா உருட்டிட்டு இருந்ததை முடிச்சுட்டேன் சார்” என்று முதலாளியிடம் சபாஷ் வேறு வாங்கிக்கொண்டான்.

நான்காம் நாள், ஒரு படத்தின் கடைசிக் காட்சிகள் தயாராகிக்கொண்டிருந்தபோது பத்தொன்பது விழுந்தது. பின்னாலேயே நான்கு, இருபத்தாறு, முப்பது. கெடு தவறியது. வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பியவள் கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ஏழாம் எண்ணின் அளவு. எல்லாவற்றிலும் அவள் பெயர். யார் வேலை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தங்கையின் முகம் வந்து நின்றது. இது தெரிந்தால் அவள் துடித்துப்போவாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பாஸ்வேர்டைக் கொடுத்தது என் தப்பு, தம்பி விவரம் தெரியாமல் செய்துவிட்டார் என்று பாதிப் பழியை ஏற்றுக்கொள்ள முடிவு செய்து, முதலாளியின் அறைக்குள் போனாள்.

தம்பி அங்கே முன்பே உட்கார்ந்திருந்தான்.

“யாரோட செட்டிங்மா இது?” என்றார் முதலாளி.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். “அக்கா குடுத்துட்டுப் போன அளவுதான் சார். எல்லாத்துலயும் போட்டுடுன்னு சொன்னாங்க. பேரே இருக்கே, பாருங்க.”

“நீங்க சொன்னீங்களா?”

தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கைக்காக அதை விழுங்கினாள்.

“ஆமா சார். நான்தான் சொன்னேன்.”

இருபத்திரண்டு வருஷ வேலை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். சண்டை போட அல்ல. இப்படி ஆகிவிட்டது, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று ஆறுதல் சொல்ல! தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்க்கா. அவர் அன்னைக்கே சொன்னாரு.”

“என்னன்னு?”

“மெஷினெல்லாம் நின்னுபோச்சு, வேலை போயிடும்னு கையைப் பிசைஞ்சுட்டு நின்னாரு. நான்தான் சொன்னேன், அக்கா பேருதானே இருக்கு, அக்கா மேலயே போட்டுடுங்க, அவ வாயைத் திறக்க மாட்டான்னு.” தங்கை ஒரு சட்டையை உதறி எடுத்தாள். “உனக்கென்னக்கா, தனி ஆளு. எப்படியாவது சமாளிச்சுக்குவ.”

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவனாவது பயத்தில் செய்தான். இவள் அக்காவின் பாசத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. “சாப்பிட்டுப் போக்கா” என்று தங்கை சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

மறுநாள் காலை முதலாளி வந்தபோது அவருடைய அறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“நேத்து உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் சார்” என்றாள். “உக்காந்து சொல்லணும். கொஞ்ச நேரம் ஆகும்.”