கைபட்ட தகடு

முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். சோப்பு வாசனையும் போயிருக்க வேண்டும். போகவில்லையா, நான்காம் முறை. அதற்கப்புறம்தான் கையுறைப் பெட்டியைத் திறப்பார். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் இவர் கையுறை அக்கா. பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

எஃகுக் கலனுக்குள் ஈயத் தகட்டைப் பொருத்துவது இவர் வேலை, பன்னிரண்டு வருடமாக. கலனிலிருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சியதும் லேசர் ஒரே அடி அடிக்கும். கண்ணிமைக்கும் நேரமெல்லாம் அதற்கு ஒரு யுகம். தகட்டில் கடுகளவு இடம் கொதித்து ஆவியாகி, அணுக்கள் எலெக்ட்ரான்களை உதறிவிட்டு ஓடிவரும். எத்தனை உதறுகிறதோ அத்தனை மின்னூட்டம், அத்தனை மவுசு. துகள்களை வேகமூட்டும் முடுக்கியில் விட்டால் பிய்த்துக்கொண்டு பறக்கும். "வெங்காயம் உரிக்கிற வேலைதாங்க. கண்ணுல தண்ணி மட்டும் டாக்டருங்களுக்கு வரும்" என்று பேருந்து ஓட்டும் கணவருக்கு விளக்கியிருக்கிறார்.

வேலை நாட்களில் தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. பம்போடு பேச்சு மட்டும் உண்டு. "என்னடா, இன்னிக்கு ஏன் இப்படி இழுத்துக்கிட்டிருக்கே?" என்று அதட்டுவார், சத்தம் சீரானால், "அப்படி வா வழிக்கு" என்பார். ஈயத்தின் மேல், பாலில் ஏடு படிவதுபோல, காற்றுப் பட்டதும் ஆக்ஸிஜன் படிந்துவிடும். அதனால் கலனை மூடுவதற்குச் சற்று முன்புதான் தகட்டைச் சுரண்டுவார். சுரண்டிய பக்கத்தைக் கையுறை விரலால்கூடத் தொடமாட்டார். ஓரத்தை மட்டும் பிடிப்பார்.

கழுவிக் கழுவி அக்காவின் கை உப்புத்தாளாகிவிட்டது. "நீ முதுகு தேய்ச்சா சோப்பே வேணாம்டி" என்பது கணவரின் வழக்கமான கேலி. கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கைக் களிம்பு ஆறு மாதமாகத் திறக்கப்படாமல் கைப்பையில் கிடக்கிறது. "இந்த முறை ஓட்டம் முடியட்டுங்க" என்பதே இவர் பதில்.

ஓட்டம் என்றால் லேசர் இவர்கள் கையில் இருக்கும் சோதனை நாட்கள். அதற்கு முந்தாநாள் கடைசி நாள். மறுநாளிலிருந்து லேசர் வேறு குழுவுக்குப் போகிறது. காலையில் பார்த்து பம்ப் மக்கர் பண்ண, சுரண்டிய தகடு அரை மணி நேரம் வெளியில் கிடந்தது. மறுபடி சுரண்ட நேரமில்லாமல், ஒருவழியாகப் பொருத்திச் சுட்டதும், திரையில் எட்டு என்ற இடத்தில் ஒரு மேடு எழும்பியது. அணுவின் எடையை அது இழந்த எலெக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அந்த இடம்; எடை இருநூற்றெட்டுள்ள ஈயம் இருபத்தாறு எலெக்ட்ரான் இழந்தால் அங்கேதான் வரும். ஓட்டத்தை நடத்தும் விஞ்ஞானி டாக்டரம்மா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய டாக்டர் துள்ளவில்லை. எடை பதினாறுள்ள ஆக்ஸிஜன் இரண்டே எலெக்ட்ரான் இழந்தாலும் அதே எட்டில்தான் வந்து உட்காரும். அந்தக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். "அழுக்கு. யாரோ தகட்டுல கை வச்சிருக்காங்க" என்றார். பதிவேட்டை இழுத்து, 'கைபட்ட தகடு' என்று ஒரு வரி எழுதினார்.

அறையில் தகட்டைத் தொடும் ஆள் ஒருவர்தான். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பதிவேட்டில் எழுதியதை அழிப்பதோ கிழிப்பதோ வழக்கமில்லை. பன்னிரண்டு வருடப் பேர் ஒரு வரியில் போகப்போகிறது.

"சார், ஒரு நிமிஷம். கை பட்டா வேர்வை இருக்கணும், வேர்வைன்னா உப்பு இருக்கணும். உப்புல சோடியம் இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க? ஒரு எலெக்ட்ரான் போனா அது இருபத்துமூணுல வரணும். எங்க, காட்டுங்க?"

டாக்டரம்மா திரையை நகர்த்தினார். இருபத்துமூன்றில் கோடு துடைத்துவிட்ட தரைபோலக் கிடந்தது.

"அப்போ ஆக்ஸிஜன் எங்கேருந்தும்மா வந்தது?" என்றார் பெரிய டாக்டர்.

"காத்துலேருந்து. அரை மணி நேரம் வெளிய கிடந்துச்சே, ஏடு கட்டாம என்ன செய்யும்? அதே இடத்துல மெதுவா ரெண்டு அடி அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் பலமா ஒண்ணு வைங்க. அழுக்குன்னா போயிடும். ஈயம்னா எங்க போகும்?"

மெல்ல இரண்டு அடி, பிறகு பலமாக ஒன்று. எட்டிலிருந்த மேடு பாதியாகக் குறைந்தது, ஆனால் படுத்துவிடவில்லை. அதுவரை இரைச்சலில் மறைந்திருந்த, இருபத்தைந்தும் இருபத்தேழும் எலெக்ட்ரான் இழந்த ஈயத்தின் மேடுகள் அதன் இரண்டு பக்கமும் தலைதூக்கின. வரிசையாக வந்தால் ஈயமேதான். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஈயம்தான்மா" என்றார். இன்னும் நான்கு இடத்தில் அதேபோலக் கழுவிச் சுட்டார்கள், நான்கிலும் வந்தது. அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டரம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லாரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். அக்கா லேசரின் சாவியைத் திருப்பி எடுத்து, கலனைத் திறந்து, ஐந்து குழிகளோடு தகட்டை வெளியே எடுத்தார். அதற்கு இனி வேலையில்லை. பதிவேடு திறந்தபடியே கிடந்தது. கீழே இருபத்தாறு, இருபத்தேழு என்று கொண்டாட்டமாக எழுதியிருந்தது. மேலே 'கைபட்ட தகடு' என்ற அந்த வரி அப்படியே இருந்தது.

கையுறையைக் கழற்றினார். கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து மூடியைத் திறந்தார். விரல் இடுக்கெல்லாம் நன்றாகத் தேய்த்து, மோந்தும் பார்த்துக்கொண்டார். பிறகு வலது கைப் பெருவிரலைத் தகட்டின் நடுவில் வைத்து, ரேகை பளபளவென்று விழும்வரை அழுத்தினார். தகட்டை அந்த வரியின்மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.