சாமிக்கு எந்த மடம்?

போன மாதம் ஒரு சாயங்காலம், ஐந்து மணி இருக்கும். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் உள்ள ஒரு கல்யாண மண்டபம். சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, மறுநாள் பந்திக்கு வந்த வாழை இலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் வந்து என் காலில் விழுந்தார்.

தடுக்கி விழவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாமனார் ஆகப் போகிறவர்.

அவர் எழுந்ததும் அவர் மனைவி விழுந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையில் தட்டு. தட்டில் பழம், வெற்றிலை, மடித்து வைத்த ஒரு காவி வேட்டி, ஒரு ருத்திராட்ச மாலை...

உங்கள் காலில் யாராவது இப்படி விழுந்திருக்கிறார்களா? அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா? எனக்குக் கை கால் ஓடவில்லை. கையிலிருந்த தண்ணீர் அவர் தலையில் கொஞ்சம் தெறித்துவிட்டது. அதை அவர் தீர்த்தம் என்று நினைத்து, கண்ணை மூடித் தலையில் தடவிக்கொண்டார்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஜன்னல் வழியாக போல்ட், நட்டு, வாஷர் எடுத்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, "அடுத்தது யாருங்க?" என்பேன். ஒரு நாளில் நான் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விரதமெல்லாம் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் என்னைத் தேடுகிறவர்கள் பந்திக்கு வந்தால் போதும். சாம்பார் வாளியோடு நிற்பேன். வாளி கையில் இருந்தால் யாரும் "உனக்கு எப்போ?" என்று கேட்பதில்லை. "கொஞ்சம் ரசம்" என்றுதான் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஆளிடம் மூன்று மாதத்துக்கு முன்னால் வந்து நின்றாள் நித்யா. என் அண்ணன் மகள். கோயம்புத்தூரில் வேலை. கூட வேலை பார்க்கும் திண்டிவனத்துப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்த நேரம்.

"சித்தப்பா, என்ற கல்யாணத்த நீங்கதான் நடத்தி வெக்கோணும்" என்றாள்.

"பந்திதானே சாமி, பாத்துக்கறேன்" என்றேன்.

"பந்தியில்ல சித்தப்பா. தாலி."

அதிர்ச்சி என்றால் அப்படி ஓர் அதிர்ச்சி. எங்கள் பக்கம் கல்யாணத்தில் ஒரு தேங்காய் உடைக்கக்கூடக் குடும்பஸ்தனாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். என்னைப் போய் மேடையில் ஏற்றி, மைக் கொடுத்து, தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்வதா? புரோகிதர் இல்லாமல், சொந்தக்காரர் முன்னால், இரண்டு பேரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஏற்றுக்கொண்டு, மாலை மாற்றியோ தாலி கட்டியோ கல்யாணம் செய்ய நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் அதற்குத் தலைமை தாங்க மேடைப்பேச்சு தெரிந்த பெரிய மனிதர்களை அல்லவா கூப்பிடுவார்கள்!

ஏன் நான் என்று கேட்டேன். அவள் காரணத்தைச் சொன்னாள்.

அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வழக்கமான முறையில் கல்யாணம் நடந்தால் பெற்றோர் இடத்தில் ஒரு பங்காளியும் அவர் மனைவியும் உட்கார வேண்டும். அண்ணி மேடைக்குக் கீழே எங்காவது ஒரு ஓரத்தில் நிற்க வேண்டும். புரோகிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சும்மா இருந்தாலும் சொந்தக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "எனக்குத்தான் அம்மா இருக்குதே. வாடகைக்கு ஒரு அம்மா எதுக்குங்க சித்தப்பா?" என்று கேட்டாள் நித்யா. வெளி ஆள் யாரைக் கூப்பிட்டாலும் நாலு பேர் சொல்வதைக் கேட்டு மாறிவிடுவார்களாம். நான்தான் யார் சொல்வதையும் காதில் வாங்காத ஆளாம். வெட்கத்தில் பதில் பேசாமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது.

சரி என்று தலையாட்டிவிட்டேன். எப்படியும் நடக்காது என்ற தைரியம்தான். மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை, அரிசி மண்டி வைத்திருப்பவர், பக்திமான். புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன் என்று மகனிடம் கறாராகச் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் இழுபறி. பிறகு ஒரு நாள் திடீரென்று, "உங்க இஷ்டப்படியே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் மனம் எப்படி மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. கிடைத்த சம்மதத்தை யாராவது கிளறிப் பார்ப்பார்களா?

அந்த மர்மம்தான் குழாயடியில் என் காலில் விழுந்து எழுந்து நின்றது.

"சாமிக்கு எந்த மடம்?" என்று கை கட்டிக்கொண்டு கேட்டார் ஏழுமலை.

எனக்குக் கேள்வி புரியவில்லை. இடத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "பைபாஸ் பக்கத்துல பட்டறைங்க" என்றேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்பதுபோல அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து போனார்கள்.

காவி வேட்டித் தட்டோடு நேராக அண்ணியிடம் ஓடினேன். அண்ணி தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஏழுமலை ஒரு நாள் போன் செய்து, கல்யாணத்தை நடத்தி வைப்பது யார் என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறார். அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். அந்த வழக்கத்தில், "எங்க சாமிதானுங்க" என்று சொல்லியிருக்கிறார். எப்படிப்பட்டவர் என்று அவர் விசாரிக்க, அண்ணி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். "கண்ணாலங்கூடப் பண்ணிக்கலீங்க. தனியா ஒரு ரூம்புல இருக்குது. கறி மீனு தொடாது. யாருகிட்டயும் அதிகம் பேசாது. வாரத்துக்கு ஒருக்கா ஏதாச்சும் எழுதும், அத நாலு பேரு படிக்கறாங்க."

இதில் ஒரு வார்த்தையாவது பொய் இருக்கிறதா? கறி மீன் தொடாதது அல்சரால். அதை மட்டும் சொல்ல விட்டுவிட்டார்.

திண்டிவனத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்திமானுக்கு என்ன தோன்றியிருக்கும்? கொங்குப் பக்கம் ஒரு மௌன சாமியார்... புரோகிதரைவிட ஒருபடி மேல் என்று சம்மதித்திருக்கிறார்!

"நாளைக்கு ஒரு நாளு சாமியா இருந்துரு சாமி" என்றார் அண்ணி. "தாலி ஏறட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு வசதிதான். மௌன சாமியார் என்றால் மைக்கில் பேச வேண்டியதே இல்லை. கையைத் தூக்கினால் போதும். ஆனால் நித்யா நாளைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டியவள். தலை தீபாவளிக்குள் விஷயம் எப்படியும் வெளியே வரும். அப்போது ஏமாற்றிய பெயர் எனக்கா வரும்? அவளுக்குத்தானே வரும்.

தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மாப்பிள்ளை வீட்டார் அறை. கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"நான் சாமியில்லீங்க" என்றேன்.

ஏழுமலை சிரித்தார். "பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"நெசமாத்தானுங்க. பட்டறையில போல்ட்டு எடுத்துக் குடுக்கறவனுங்க. எங்க பக்கம் எல்லாத்தையும் சாமின்னுதானுங்க கூப்புடுவோம். கொழந்தையும் சாமி, பெரியவங்களும் சாமி. பால் ஊத்தறவருகூட சாமிதானுங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் கேட்டார். "அப்ப... நான் விழுந்தது?"

என் மூளைக்கு எட்டியது ஒன்றுதான். "அதத் திருப்பிக் குடுத்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்தேன். அவர் மனைவி காலிலும் விழுந்தேன். குழாயடியில் விழுந்த மற்ற மூன்று பேரையும் தேடினேன். அவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். இப்போது அதிர்ச்சி அவர்கள் பக்கம்.

ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மைத்துனர் மெதுவாகச் சொன்னார். "இன்னும் நேரமிருக்கு. பக்கத்துல ஏதாவது கோயில் இருக்கும். ஒரு ஐயரக் கூட்டினு வந்துடலாம்."

ஏழுமலை தலையை நிமிர்த்தவில்லை. நான்தான் பேசினேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஐயரு வந்தா எங்கண்ணி மேடையில நிக்க முடியாதுங்க. அப்பன் இல்லாத புள்ள. அதுக்கோசரந்தானுங்க என்னயக் கேட்டுது. மத்தபடி எனக்கு ஒரு தகுதியும் இல்லீங்க."

அடுத்துப் பேசியது ஏழுமலையின் மனைவி. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

"என் கல்யாணத்தப்ப எங்கம்மாவ ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சிட்டாங்க" என்றார். கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கெட்டிமேளம் கேட்டுத்தான் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சிக்கிச்சாம்."

ஏழுமலை நிமிர்ந்தார். "நீ சொன்னதேயில்லையே."

"நீங்க கேட்டதில்ல."

அவ்வளவுதான். அழவில்லை, குரல் உயரவில்லை. என் காலில் ஐந்து பேர் விழுந்தபோது வந்த அதிர்ச்சியைவிட, அந்த இரண்டு வார்த்தையில் ஏழுமலைக்கு வந்த அதிர்ச்சி பெரியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எத்தனை வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருப்பார்கள்!

ஏழுமலை எழுந்து வந்தார். தட்டிலிருந்த ருத்திராட்ச மாலையை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வேட்டியை என்னிடமே தள்ளினார்.

"நான் நெறைய சாமியாருங்களப் பாத்திருக்கேன். நான் சாமியில்லன்னு வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். காலையில நேரத்தோட மேடைக்கு வந்துடுங்க."

வந்தேன். வெள்ளை வேட்டிதான். முந்நூறு பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, மாப்பிள்ளையும் நித்யாவும் திருப்பிச் சொன்னார்கள். என் குரல் மைக்கில் யாருடைய குரல் மாதிரியோ கேட்டது. பாதியில் நின்றுபோன இடத்தில் நித்யாவே எனக்கு அடி எடுத்துக் கொடுத்தாள்.

தாலித் தட்டு வந்தது. தாலியைக் கையில் எடுத்தேன். அண்ணி மேடையில்தான் இருந்தார். ஆனால் பழக்கதோஷம்... இரண்டு அடி தள்ளி, தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, வாங்க" என்றேன். வரவில்லை. தலையை அசைத்தார். நான் போய்த் தாலியை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் நின்ற தூணுக்குப் பக்கத்தில் நான் போய் நின்றுகொண்டேன். இனி அவர் வந்துதானே ஆக வேண்டும்?

வந்தார். மாப்பிள்ளை கையில் தாலியைக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. முன்வரிசையில் ஏழுமலையின் மனைவி எழுந்து நின்று அட்சதை போட்டார். அவர் கணவரும் எழுந்தார்.

ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்க என்ன தகுதி வேண்டும் என்று மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தேன். எந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் போதும் போலிருக்கிறது. ஒதுங்குவதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம் உண்டு.

ஆனால் அத்தோடு மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். மேளம் நின்றதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே. வாயில் தானாக வந்தது வந்துவிட்டது...

"அடுத்தது யாருங்க?"

"நீதான் சாமி" என்று பந்திப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. அண்ணிதான் அதிகம் சிரித்தார். மணமேடையில் நின்று அவர் அப்படிச் சிரிக்கத்தானே இவ்வளவு பாடும்!

மத்தியானம் திண்டிவனத்து வண்டி கிளம்பியது. ஏழுமலை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வரோம் சாமி" என்றார்.

எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. நான்தான் யாரிடமும் அதிகம் பேசாதவன் ஆயிற்றே.