நாலு விரல் மடிப்பு

தையல்காரரின் மகளுக்கு ஒன்பது வயது; உயரமோ ஆறு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். வளர்ச்சிக்கான ஹார்மோன் சரியாகச் சுரக்கவில்லை என்று டாக்டர் தினமும் வீட்டிலேயே ஓர் ஊசி போடும்படி எழுதிக்கொடுத்தார். "மருந்து பிடிக்குதான்னு தெரிய மாசக்கணக்காகும். மூணு மாசத்துக்கொருதரம் நானே அளந்து பாக்கறேன்" என்றார்.

அளவெடுத்தே பிழைக்கிறவருக்குக் கை சும்மா இருக்குமா? தினமும் காலையில் மகளைச் சுவரோரம் நிறுத்தி டேப்பைப் பிடித்தார். ஒரு நாள் அரை அங்குலம் கூடியிருந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி, "குதிகாலைப் பாருங்க" என்றாள்.

குதிகால் தரையில் படவில்லை.

"ஏம்மா சிட்டு, அப்பாவையே ஏமாத்தறியா?"

"தினமும் அளந்துட்டு மூஞ்சியத் தொங்கப்போடறீங்களேப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. "கடைக்கு வர்றவங்களைக்கூட ஒரு தடவைதான அளப்பீங்க?" என்றாள் மனைவி. அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். இனி அது கடையோடு சரி.

அன்று சாயங்காலம் மகளுக்குப் புதுப் பள்ளிப் பாவாடை தைத்தார். அடியில் எப்போதும் இரண்டு விரல் மடிப்பு விடுவார்; இதற்கு நாலு விரல் விட்டு, பிரிக்கத் தோதாகப் பெரிய தையலாக ஓட்டினார்.

மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். "வளரலேன்னா என்னங்க பண்றது?"

"குடுக்கிறது சாமி பாடு. இந்த மடிப்பு உள்ளேயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "இப்ப இருக்கிற உயரத்துக்கும் பாவாடை சரியாத்தான இருக்கு?"

பிறகு அன்றைய மருந்து ஊசியை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.