தூக்குக்குண்டு மனிதர்

எண்பதுகளில், மலேசியாவில் ராசா டவுனில் ஒரு கடை மாடியில் ஞாயிறுதோறும் ஒருவர் உடம்பு நிமிர்த்திவிடுவார். இஸ்திரி போட்ட சட்டை, அதைவிட விறைப்பான முதுகு, ஒரு வாளிகூடத் தூக்கியிராத கை. யார் போனாலும் கொத்தனார் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து, வந்தவரின் காதோரம் தொங்கவிட்டுப் பார்த்து உச்சுக்கொட்டுவார். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

மூச்சுப் பிடித்துக்கொள்கிறது என்று நானும் போனேன்.

"ஒங்க வலது தோளு ஏறி நிக்குது. சதைய சுத்தியிருக்கிற சவ்வு இறுகிப்போச்சு, இளக்கணும்," என்றார்.

இருபது வருஷமாக அந்தத் தோளில் காண்டாக் கம்பு வைத்து, இரு முனையிலும் ரப்பர் பால் வாளி தொங்கச் சுமந்தவன் நான். ஏறாமல் என்ன செய்யும்? மகா கண்டுபிடிப்பு! முழங்கையால் ஒரு மணி நேரம் அழுத்தி இழுத்தார். தோள் இறங்கிவிட்டது.

மறுநாள் கம்பும் இறங்கிவிட்டது. தோளில் நிற்காமல் வழுக்கி, இரண்டு வாளிப் பாலும் செம்மண்ணில் கொட்டியது. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

அடுத்த ஞாயிறு போய்ச் சண்டை பிடித்தேன்.

"அப்ப வேலைய மாத்துங்க லா," என்றார், குண்டைத் துடைத்துக்கொண்டே. ஏதோ சட்டையை மாற்றச் சொல்வதுபோல!

சுமந்து சுமந்து தோள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. ஆனால் நடுவில் சில நாள் நெஞ்சு நிறைய மூச்சுவிட்டேன். இப்படியும் ஓர் உடம்பு எனக்கு இருந்திருக்கலாம் என்று காட்டிவிட்டதற்காக அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.